சொல்கிறோம் என்று போனவர்கள்

என்னை முதலில் கெடுத்தவன் எதிர்வீட்டுத் தண்டபாணி. அந்தப் பெண் பெனிட்டா இரண்டாவதுதான். யார் யார் எனக்கு என்ன செய்தார்கள் என்பதில் நான் வரிசையை மாற்றுவதே இல்லை, தம்பி. மூன்றாவதாக என் வீட்டுக்காரி மயிலாத்தாள் வருகிறாள். அவள் இப்போது வீட்டில் இல்லை. எங்கே இருக்கிறாள் என்பதைப் பிறகு சொல்கிறேன், அதுவும் என் புகாரில் ஒன்று.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். டு-லெட் போர்டைப் பார்த்துத்தானே வந்தீர்கள்? வந்ததும் வாடகை எவ்வளவு என்று கேட்டீர்கள், அவ்வளவுதான். மேலே போனீர்கள், இரண்டு நிமிடத்தில் இறங்கி வந்தீர்கள், "நல்லா இருக்குதுங்க" என்றீர்கள். வீடு காட்டுகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? உங்களை எனக்குப் பிடித்துவிட்டது. அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

நான் கொத்தனார். நஞ்சப்பன் மேஸ்திரி என்றால் சரவணம்பட்டியிலிருந்து கோவில்பாளையம் வரைக்கும் தெரியும். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் இந்த வீட்டில் கீழேயும் மேலேயும் நான் தொட்டு வைக்காத செங்கல் ஒன்று கிடையாது. முப்பத்திரண்டு வருடம் ஊரார் வீட்டுக்கு மட்டம் பார்த்தவன் நான். என் வீட்டுக்கு வந்து ஒருத்தி மட்டம் பார்த்தாள் என்றால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள்.

அவளுக்கு முன்னால் மேலே குடியிருந்தவர் சிவக்கொழுந்து. உங்களைப் போலவேதான். வந்தார், பார்த்தார், "நல்லா இருக்குதுங்க மேஸ்திரி, எப்ப வரலாம்?" என்றார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் பெரிய மனிதர்கள். பத்தாம் நாள் நான்கு கிரைண்டர் மேலே ஏறியது. இட்லி மாவு வியாபாரம் என்று அப்போதுதான் தெரியும். விடியற்காலையில் ஆரம்பித்தால் தரை அதிரும். கீழே அலமாரியில் மயிலாத்தாள் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் தானாக நடந்து விளிம்புக்கு வந்து நிற்கும். கழுவி ஊற்றிய உளுந்து மாவெல்லாம் சாக்கடைக் குழிக்குள் புளித்துப் பொங்கி, ஒரு நாள் மூடியைத் தூக்கிவிட்டது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும், மரியாதையான மனிதர். கடைசிவரைக்கும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. காலி செய்தபோதுகூடக் கேட்கவில்லை. காலையில் பார்த்தால் ஆளே இல்லை.

அதற்கப்புறம்தான் இவர்கள் வந்தார்கள். புருஷன் ஜோயல், பேங்கில் ஆபீசர். பெண்டாட்டி பெனிட்டா, இன்ஜினியரிங் காலேஜில் பாடம் நடத்துகிறவள். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். நான் ஒரு வார்த்தை கேட்பதற்குள் ஒரு பைலை நீட்டினார்கள். சம்பளச் சீட்டு இருந்தது, ஆதார் இருந்தது, முன்னால் குடியிருந்த வீட்டுக்காரர் போன் நம்பர் இருந்தது. "சந்தேகம்னா அவர்ட்ட கேளுங்க அங்கிள்" என்றாள். எனக்கு எதற்குச் சந்தேகம்? சந்தேகமெல்லாம் அவளுக்குத்தான் இருந்தது. கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தாள். முப்பத்தி நான்கு கேள்வி. நான் எண்ணினேன்.

"அங்கிள், கார்ப்பரேஷன் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்க வரும்?"

"வரும், அம்மிணி."

"எத்தனை நாளைக்கு ஒருக்க?"

"வர்றப்ப வரும்."

அதை எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று எட்டிப் பார்த்தேன். இங்கிலீஷ்.

மீட்டர் தனியா, மாடிச் சாவி யாரிடம் இருக்கும், பின்னறையில் செல்போன் டவர் கிடைக்குமா, சுவரில் ஆணி அடிக்கலாமா, மீன் சமைக்கலாமா, அவள் அம்மா வந்தால் மூன்று மாதம் தங்கலாமா, மேற்குச் சுவரில் சாயங்கால வெயில் எவ்வளவு நேரம் அடிக்கும். இந்த ஜோயல் பையன் பாவம், கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். நான் அவனைப் பார்த்தால் அவன் கூரையைப் பார்த்தான்.

குளியலறைக்குப் போனோம். அங்கேதான் அவள் அதைச் செய்தாள். பைக்குள் கையை விட்டு ஒரு கோலிக்குண்டை எடுத்தாள். விளையாடுகிற கோலிக்குண்டுதான், தம்பி. குனிந்து தரையில் வைத்துக் கையை எடுத்தாள். நான் போட்ட தரை. நான் ரசமட்டம் வைத்துப் பார்த்துப் போட்ட தரை. அந்தக் குண்டு தண்ணீர் போகிற ஓட்டைப் பக்கம் போயிருந்தால் இன்றைக்கு இந்தக் கதையே இல்லை. அது யோசித்தது. மெதுவாகத் திரும்பியது. நேராக உருண்டு வந்து கதவு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

"தண்ணி இந்தப் பக்கம்லா தேங்கும் அங்கிள்?"

"கோலிக்குண்டுக்கு என்ன அம்மிணி தெரியும்? அது கட்டட வேலை படிச்சுதா?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அதையும் எழுதினாள்.

அதுகூடப் போகட்டும். அடுத்தது கேட்டாள் பாருங்கள்.

"டி.டி.எஸ். எவ்வளவு அங்கிள்?"

டி.டி.எஸ். என்றால் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கம்பெனிக்குக் காம்பவுண்டு கட்டினபோது பில்லில் டி.டி.எஸ். என்று சொல்லித்தான் பிடித்துக்கொண்டார்கள். இன்கம்டாக்ஸுக்குப் போகிறது என்றார்கள். இவள் எதற்கு அதை என்னிடம் கேட்கிறாள்? அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. நோட்டு, நம்பர் போட்ட கேள்வி, பின்னாலேயே பேசாமல் வருகிற ஆள். காலேஜாவது பேங்காவது. இவர்கள் வேறு ஆபீஸ்.

"டி.டி.எஸ். எல்லாம் எங்கிட்ட கிடையாதுங்க" என்றேன்.

"கிடையாதா?"

"சுத்தமா கிடையாது."

"போர் தண்ணில டி.டி.எஸ். இல்லாம எப்படி அங்கிள் இருக்கும்? ஐநூறாவது இருக்குமே."

போர் தண்ணீருக்கும் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். "அம்மிணி, அந்தப் போர் ஓட்டினதே பாதி கடன்ல. அதுக்குப் போய் வரி கேட்டா நான் எங்க போவேன்?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புக்கும் டி.டி.எஸ். என்றுதான் பேர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டுக்கும் ஒரே பேரை வைத்தவனைக் கேட்க வேண்டும். அவள் விளக்க ஆரம்பித்தாள், நான் காது கொடுக்கவில்லை. ஏனென்றால் அடுத்த கேள்வி, "உங்க பான் நம்பர் கிடைக்குமா அங்கிள்? இவங்க ஆபீஸ்ல வாடகை ரசீதோட குடுக்கணும்." நீங்களே சொல்லுங்கள், என் சந்தேகத்தில் என்ன தப்பு?

கடைசிக் கேள்வி, "முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணினாங்க?"

"சொந்தமா வீடு கட்டிப் போயிட்டாங்க" என்றேன்.

கீழேயிருந்து மயிலாத்தாள் குரல் கொடுத்தாள். "ஆருங்க, மாவுக்காரரா? அவரு சொல்லாம கொள்ளாம ஓடிட்டாரு கண்ணு. நீ கீழ வா, காப்பி வெச்சிருக்கறேன்."

காப்பி குடித்தார்கள். மயிலாத்தாளுக்கு முழங்கால் வலி என்று பெனிட்டா பத்து நிமிடத்தில் கண்டுபிடித்து, தன் அம்மாவுக்கும் அதே வலி, அம்மா வந்தால் இரண்டு பேருமாகச் சாயங்காலம் நடக்கலாம் என்று ஏற்பாடு வரை போய்விட்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னாள்: "நாளைக்குச் சொல்றோம் அங்கிள்."

சொல்றோம். இந்த வார்த்தையைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் நேராகத் தண்டபாணி வீட்டுக்குப் போனேன். மில்லில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். நாற்பது வருடப் பழக்கம். அவன் வீட்டிலும் மேல்மாடி காலியாகத்தான் கிடந்தது. போய் உட்கார்ந்து அவள் கேட்டதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். என் ஞாபகம் அப்படி. கோலிக்குண்டு எந்த மூலைக்குப் போனது என்பது வரைக்கும் சொன்னேன். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். நடுவில் எழுந்து போய்ப் பேனா எடுத்து வந்தான். காலண்டர் பின்னால் ஏதோ கிறுக்கிக்கொண்டே கேட்டான். பால் கணக்கு என்று நினைத்தேன்.

கடைசியில் சொன்னான், "இந்த மாதிரி கேள்வி கேட்கறவங்கள வெக்காதீங்கண்ணா. இன்னைக்கு உங்களக் கேட்பாங்க, நாளைக்கு வக்கீல வெச்சுக் கேட்பாங்க. இத்தனை காயிதம் வெச்சிருக்கறவங்க எதையோ மறைக்கறாங்க."

எவ்வளவு சரியாகச் சொன்னான் பாருங்கள். அதனால்தான் மறுநாள் பெனிட்டா போன் செய்தபோது நான் எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தது. கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுத்தால் முப்பத்தைந்தாவது கேள்வி வரும். அதோடு, வீட்டுக்காரன் என்றால் கொஞ்சம் கெத்து வேண்டாமா? "எடுங்களேன், அந்தப் புள்ள என்ன சொல்லுதுன்னு கேட்போம்" என்று மயிலாத்தாள் சொன்னாள். "சொல்லறதுன்னா நேர்ல வந்து சொல்லட்டும்" என்றேன்.

வந்தார்கள். பதினோராம் நாள் ஒரு மினிலாரி தெருவுக்குள் வந்தது. பின்னாலேயே ஸ்கூட்டரில் அவர்கள். எனக்கு இரக்க சுபாவம், தம்பி. சரி, வீடு தேடி வந்துவிட்டார்கள், கேள்வியை எல்லாம் மன்னித்துவிடலாம் என்று கேட்டின் இரண்டு கதவையும் திறந்து வைத்தேன். "டீ போடு" என்று உள்ளே சொன்னேன். லாரி டிரைவருக்குக் கையைக் காட்டி, "வா வா, லெப்ட்ல ஒடி" என்றுகூடச் சொன்னேன். அவன் ரைட்டில் ஒடித்தான். தண்டபாணி வாசலில் போய் நின்றது.

திறந்து வைத்த கேட்டையும் திறந்த வாயையும் மூடிக்கொண்டு உள்ளே வந்தேன். போட்ட டீயை நானே குடித்தேன். மூன்று டம்ளர்.

மறுநாள் அவனைப் பிடித்தேன். "ஏனுங் தண்டபாணி, கேள்வி கேட்கறவங்கள வெக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமாங்கண்ணா."

"அப்பறம்?"

"எங்கிட்ட அவங்க ஒண்ணுமே கேட்கலீங்கண்ணா. கேட்கறதுக்கு முன்னாலயே நான் எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன்."

பால் கணக்கு இல்லை, தம்பி. வினாத்தாளை நானே கொண்டுபோய் அவன் கையில் கொடுத்திருக்கிறேன். அந்தப் பத்து நாளில் அவன் போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்துச் சீட்டு வாங்கியிருக்கிறான். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்கிறான். மேற்குச் சுவரில் வெயில் அடிக்கும், உண்மைதான், ஏப்ரலில் கஷ்டம் என்றுகூட எழுதியிருக்கிறான். குறையையும் எழுதுவானாம், அதற்குப் பேர் நேர்மையாம். எதிர் வரிசையில் வீடு தேடிக்கொண்டிருந்த அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து அந்தத் தாளைக் கொடுத்திருக்கிறான். பெனிட்டா நோட்டையே திறக்கவில்லையாம். அவன் குளியலறையிலும் தண்ணீர் தேங்கும், நான்தானே போட்டுக் கொடுத்தேன், எனக்குத் தெரியாதா? அதையும் கொத்தி எடுத்து மறுபடி போட்டிருக்கிறான். என்னை வைத்துக்கூடப் போடவில்லை.

அப்புறம் மயிலாத்தாள். பெனிட்டாவின் அம்மா ரோஸ்லெட் வந்து சேர்ந்ததிலிருந்து தினமும் நான்கு மணிக்கு இந்த வீட்டுக்காரி ரோட்டைத் தாண்டிப் போய்விடுகிறாள். அங்கேதான் இருக்கிறாள் இப்போது. இரண்டு பேரும் நடக்கப் போகிறோம் என்கிறார்கள். எங்கே நடக்கிறார்கள்? அந்தப் பால்கனியில் உட்கார்ந்து வாய்தான் நடக்கிறது. நான் இங்கே தனியாக உட்கார்ந்து அவர்கள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். காப்பிகூட மூடி வைத்துவிட்டுப் போகிறாள், ஆறிப்போகிறது.

நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் முகத்தில் கரி பூச வேண்டும் என்றே குளியலறைத் தரையை உடைத்து மறுபடி போட்டேன். எட்டு கோலிக்குண்டு வாங்கி எட்டு மூலையிலும், சரி நாலு மூலைதான், இரண்டு இரண்டாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் வரிசையாக ஓட்டைக்குப் போய் விழுந்தன. மேற்குப் பக்கம் சன்ஷேடு இழுத்தேன். சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்து தேதியை மூடியிலேயே எழுதி வைத்தேன். பின்னறையில் டவர் கிடைக்கிறதா என்று நானே போய் நின்று என் மச்சானுக்குப் போன் செய்து பார்த்தேன். ஜன்னலோரம் கிடைக்கிறது, பீரோ வைக்கிற பக்கம் கிடைக்காது. டி.டி.எஸ். பார்க்கப் பேனா மாதிரி ஒன்று விற்கிறது, அதையும் வாங்கினேன். நம் போரில் எழுநூற்றி அறுபது. குடிக்க ஆகாது, துவைக்கலாம். உங்கள் பாட்டிலைக் கொடுங்கள், பார்த்துவிடலாம். நாற்பத்தி இரண்டு. நல்ல தண்ணீர்.

இதெல்லாம் யாருக்காக என்று மயிலாத்தாள் கேட்கிறாள். பழிக்குப் பழி என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள்.

எட்டு மாதம் ஆகிறது, தம்பி. நாளைக்குச் சொல்கிறோம் என்று போனவர்கள் இன்றுவரை சொல்லவில்லை. வருகிறோம் என்றாவது சொல்ல வேண்டும், வரவில்லை என்றாவது சொல்ல வேண்டும். என்னுடைய முப்பத்தி நான்கு பதிலையும் வாங்கிக்கொண்டு போனாள், எனக்கு வர வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை பால்கடை முன்னால் வைத்து, "அங்கிள், அன்னைக்கு நாங்க மூணு தரம் போன்…" என்று ஆரம்பித்தாள். எனக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று வந்துவிட்டேன். இன்னொரு தடவை ஜோயல், "தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள், அந்த வீட்டு விஷயம்…" என்றான். "ஊர்ல மழையா தம்பி?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டேன். பதில் என்றால் ரோட்டில் நின்றா சொல்வது? மயிலாத்தாள் ஒரு கதை சொல்கிறாள். அன்றைக்கு அவர்கள் வருகிறோம் என்று சொல்லத்தான் கூப்பிட்டார்களாம். நான் நம்பவில்லை. உண்மை என்றால் நான்காவது தடவை கூப்பிட்டிருக்க மாட்டார்களா?

இப்போது விஷயம் என்னவென்றால், தண்டபாணியின் மகன் துபாயிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வருகிறான். பெனிட்டா வீட்டார் அடுத்த மாதம் காலி செய்ய வேண்டும். நேற்றுத்தான் தெரியும். இந்த ஏரியாவை விட்டுப் போக அந்த ரோஸ்லெட்டம்மாவுக்கு மனதில்லையாம். மயிலாத்தாள் இரண்டு வேளை சாப்பிடவில்லை. நான் உடனே போர்டை எடுத்துத் தூசி தட்டி மாட்டினேன்.

என்ன கேட்டீர்கள்? உங்களுக்குக் கொடுப்பேனா என்றா? எப்படித் தம்பி கொடுக்க முடியும்? சொல்கிறோம் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கும்போது இன்னொருவருக்குக் கொடுப்பது முறையா? அப்புறம் எதற்குப் போர்டு என்கிறீர்களா? அது உங்களுக்காக மாட்டினது இல்லை. திரும்பிப் பாருங்கள், போர்டு தெருவில் போகிறவர்களைப் பார்க்கவில்லை, நிமிர்ந்து அந்தப் பால்கனியைப் பார்க்கிறது. நீங்களாக எட்டிப் பார்த்து வந்துவிட்டீர்கள். கோபப்படாதீர்கள். பாருங்கள், இப்போது நீங்களே இரண்டு கேள்வி கேட்டுவிட்டீர்கள், வந்தபோது எவ்வளவு நல்ல மனிதராக இருந்தீர்கள். அதுவும் போக, நீங்கள் ஏன் குளியலறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை? தண்ணீரைப் பற்றிக் கேட்கவே இல்லையே, ஏன்? என்ன தொழில் சொன்னீர்கள்?

சரி, அது இருக்கட்டும். கேட்டில் சத்தம் கேட்கிறதா? அந்தப் பெண்தான். பின்னால் ரோஸ்லெட்டம்மா, அதற்கும் பின்னால் என் வீட்டுக்காரி. மூன்று பேரும் சேர்ந்து வருகிறார்கள். கையில் நோட்டு இருக்கிறதா பாருங்கள், எனக்குக் கண் சரியாகத் தெரியாது. இருக்கிறதா?

நான் மேலே போகிறேன். அவள் கேட்டால் ஆள் வெளியே போயிருக்கிறார் என்று சொல்லுங்கள். எப்போது வருவார் என்று கேட்பாள், கேட்காமல் இருக்க மாட்டாள். வரும்போது வருவார் என்று சொல்லுங்கள். வீடு என்ன நிலையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம், தரை, வெயில், எழுநூற்றி அறுபது, எல்லாம். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அவள் எட்டு மாதத்துக்கு முந்தின பதிலைச் சொல்லியாக வேண்டும், தம்பி. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தை. அது எனக்கு இன்னும் வரவில்லை.